செயின் நகராத கியர்

முரளி,

நலமா என்று கேட்டு இந்தக் கடிதத்தை ஆரம்பிக்கப் போவதில்லை. அதைத்தான் தினமும் போனில் கேட்டுக்கொள்கிறோமே, நீ என்னை, நான் உன்னை. போனில் சொல்ல முடியாத ஒன்றைச் சொல்லத்தான் பேனாவை எடுத்திருக்கிறேன். நான்கு நாளாக எழுதி எழுதிக் கிழித்துவிட்டு, இன்று காலை காப்பி குடித்த கையோடு உட்கார்ந்துவிட்டேன். எழுதி முடித்ததும் பக்கம் பக்கமாகப் படம் எடுத்து அனுப்புவேன். உனக்குத் தமிழை எழுத்துக்கூட்டித்தான் படிக்க வரும் என்று தெரியும். நீ வளர்ந்த இந்த ஊர்ப் பெங்காலியைப் படிக்கிற வேகத்தில் கால்வாசிகூட வராது. இருந்தாலும் இதை மொழிபெயர்க்கும் மெஷின் எதிலும் போட்டுவிடாதே. தினசரிக் காலண்டர் தாளைக் கிழித்துக் கிழித்து உன் அம்மா உனக்குச் சொல்லிக்கொடுத்த எழுத்து அது. மெதுவாகப் படி. அவசரமில்லை என்று எழுத வந்தேன், ஆனால் அவசரம் இருக்கிறது. ஞாயிற்றுக்கிழமைக்குள் படித்துவிடு.

ஏன் ஞாயிற்றுக்கிழமை என்று உனக்கே தெரியும். போன வாரம் நீ போனில் சொன்னாய்: “அப்பா, ஒரு வருஷமா அந்த சைக்கிள் ட்ரெயினரை நீங்க தொடவே இல்ல. ஆப்ல உங்க கணக்கை வர்ற ஞாயித்துக்கிழமை மூடிடறேன். பழைய ரைடு எல்லாம் அழிஞ்சு போயிடும், பரவால்லையா?” நான் உடனே “பரவாயில்லடா, மூடு” என்று சொல்லிவிட்டேன். அந்தக் கணக்கில், நான் ஓட்டிய முதல் மூன்று வாரம் போக, என் பெயரில் நாற்பத்தாறு காலைகள் இருக்கின்றன முரளி. அந்த நாற்பத்தாறில் ஒன்றுகூட நான் ஓட்டியதில்லை. ஓட்டியது உன் அம்மா. நம் வீட்டு முன்னறையில், உன் பழைய சைக்கிளில், உன் அம்மா.

உனக்குத் தெரிந்ததிலிருந்தே வரிசையாகச் சொல்கிறேன், அப்போதுதான் எனக்குச் சொல்ல வரும். எனக்கு இருதயத்தில் ஸ்டென்ட் வைத்த பிறகு டாக்டர் தினமும் அரை மணி நேரம் நடக்கச் சொன்னார். லேக் மார்க்கெட் பக்கத்து நடைபாதையில் பாதி கடை, பாதி குழி. இரண்டாம் வாரமே தடுக்கி விழுந்து முழங்காலைப் பெயர்த்துக்கொண்டேன். நீ டொரொன்டோவிலிருந்து லீவு போட்டு ஓடி வந்தாய். பால்கனியில் துணிக்கொடிக்குப் பின்னால் தொங்கிக்கொண்டிருந்த சைக்கிளை இறக்கி, பின்சக்கரத்தைக் கழற்றி, ட்ரெயினர் என்று ஒரு கனமான பெட்டியில் மாட்டினாய். இருந்த இடத்திலேயே மிதித்தால் டிவியில் பாதை ஓடும், கியரும் என் கைப்பட்டையின் பல்ஸும் ஆப் வழியாக உனக்குத் தெரியும். எனக்கும் உதவி செய்ய ஆசை. நான் பழைய பின்சக்கரத்திலிருந்த பல்சக்கர அடுக்கை மண்ணெண்ணெய் போட்டுத் துடைத்து எடுத்து வந்தேன்.

“அது வேணாம்ப்பா. இதுல ஒரே ஒரு பல்சக்கரம்தான். செயின் நகராது” என்றாய்.

“செயின் நகராம கியர் எப்படிடா மாறும்?”

“இந்த பட்டனை அமுக்கினா உள்ள இருக்கற மோட்டார் இறுக்கத்தைக் கூட்டும், குறைக்கும். வர்ச்சுவல் கியர். மொத்தம் இருபத்து நாலு, நம்பர் குறையக் குறைய லேசு. நிஜ கியர்னா எண்ணெய் போடணும், குனிஞ்சு திருகணும், செயின் வழுக்கும், சத்தம் போடும். இதுல எதுவுமே இல்ல. உங்க காலுக்கு கியர் மாறின மாதிரியே இருக்கும்.”

“மாதிரி” என்றேன் நான். அந்த ஒரு சொல்லை எப்படிச் சொன்னேன் என்று உனக்கு ஞாபகம் இருக்கும். நீ சிரித்தாய். அம்மா அடுக்களையிலிருந்து எட்டிப் பார்த்து, “ஒண்ணு, ரெண்டு, மூணுன்னு மிக்ஸி மாதிரிதானடா, இதுக்கு என்ன இம்புட்டு சண்டை?” என்றாள். நாம் இரண்டு பேருமே அவளுக்குப் பதில் சொல்லவில்லை. கியரைப் பற்றிய பேச்சில் அவளுக்கு என்ன இடம் என்று நான் நினைத்தேன். நீயும் அப்படித்தான் நினைத்திருப்பாய், கோபித்துக்கொள்ளாதே.

என் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியும். முப்பத்தாறு வருஷம் சாந்த்ராகாச்சி ரயில்வே யார்டில் ரயில் வண்டிகளைப் பரிசோதித்தவன் நான். வண்டி வந்து நிற்பதற்கு முன்பே ஓரமாக நின்று சக்கரம் போடுகிற சத்தத்தைக் கேட்போம். நின்ற பிறகு சக்கர அச்சு முனையில் இருக்கும் ஒவ்வொரு ஆக்ஸில் பாக்ஸாகப் புறங்கையை வைத்துப் பார்த்துக்கொண்டே போவோம். சூடு இருந்தால் கோளாறு, கைக்குத் தெரிந்துவிடும். பார்த்து முடித்ததும் ரிஜிஸ்டரில் கையெழுத்து. ஒருமுறை என்னோடு வேலை பார்த்த மண்டல், மகளைப் பள்ளிக்கூடத்திலிருந்து அழைத்து வர ஓட வேண்டியிருந்தது. வண்டி முழுவதையும் பார்த்து முடித்துவிட்டான், கையெழுத்து மட்டும் பாக்கி. “தாதா, எனக்குப் பதிலா நீங்க போட்டுடுங்க” என்று அண்ணனிடம் கேட்பது போலக் கேட்டான். மண்டல் என்னைவிட நல்ல வேலைக்காரன், அவன் பார்த்தால் பார்த்ததுதான். இருந்தும் நான் மறுத்துவிட்டேன். என் கை தொடாத வண்டிக்கு என் பெயர் போகாது என்றேன். அவன் என்னோடு ஆறு மாதம் பேசவில்லை. அதை நான் பெருமையாக வீட்டில் சொல்லிக் காட்டியிருக்கிறேன், நீயும் எத்தனையோ தடவை கேட்டிருக்கிறாய். அப்படிப்பட்டவன் வீட்டு முன்னறையில் என்ன செய்தேன் என்பதைத்தான் இனி எழுத வேண்டும்.

நீ கிளம்பிப் போன பிறகு மூன்று வாரம் நான்தான் ஓட்டினேன். பதினெட்டாவது கியரில் போட்டு முக்கி முக்கி மிதிப்பேன். “இவ்வளவு கனமா ஓட்டாதீங்கப்பா, லேசான கியர்ல வேகமா மிதிங்க” என்று நீ தினமும் எழுதுவாய். நான் கேட்கவில்லை. பட்டனை அமுக்கினால் காலில் இறுக்கம் மாறும், ஆனால் கீழே பார்த்தால் செயின் அதே பல்சக்கரத்தில் அப்படியே ஓடிக்கொண்டிருக்கும். டக்கென்று ஒரு சத்தம் கிடையாது, ஒரு உதறல் கிடையாது. எனக்கு அது பிடிக்கவே இல்லை. முழங்கால் ஆறியதும் ஏரிக்கரைப் பக்கம் ஆட்டோவில் போய் அங்கே நடக்க ஆரம்பித்தேன், சைக்கிளை விட்டுவிட்டேன். இங்கே காலை ஆறு மணி, உனக்கு முந்தின நாள் இரவுச் சாப்பாட்டு நேரம். தட்டோடு உட்கார்ந்து என் பல்ஸ் ஓடுவதைப் பார்ப்பது உனக்கு வழக்கமாகிவிட்டிருந்தது. இரண்டு நாள் எதுவும் வராததும் பதறிப் போய் போன் செய்தாய். நான் ஏதோ சாக்குச் சொன்னேன்.

மறுநாள் காலை உன் அம்மா, பூரி கோயிலுக்குப் போனபோது வாங்கிய சுடிதாரைப் போட்டுக்கொண்டு முன்னறைக்கு வந்தாள். “நீங்க காப்பியக் குடிங்க. இன்னைக்கு நான் மிதிக்கேன். பிள்ளை அங்க சாப்பிடாம உக்காந்திருப்பான்” என்றாள். எனக்குச் சிரிப்பு வந்தது. சரி என்று கையில் கட்டும் பல்ஸ் பட்டையை அவிழ்த்து அவள் கையில் கட்டிவிட்டேன், சீட்டை இறக்கிக் கொடுத்தேன். எனக்கு அதில் குற்ற உணர்ச்சியே இல்லை. நான்தான் ஏரிக்கரையில் நடக்கிறேனே, என் நெஞ்சுக்கு வேண்டியது கிடைக்கிறது, உன் மனதுக்கு வேண்டியதும் கிடைக்கட்டும் என்று நினைத்தேன். ஒரு நாள் கூத்து என்றுதான் ஆரம்பித்தது. இரண்டாம் நாள் எனக்கு முன்னால் அவள் எழுந்துவிட்டாள்.

இங்கே உன்னிடம் இன்னொன்றையும் ஒப்புக்கொள்ள வேண்டும். நீ எட்டாவது படிக்கும்போது ரயில்வே குவார்ட்டர்ஸுக்குப் பின்னால் இருந்த மைதானத்தில், மத்தியான நேரத்தில், உன் சைக்கிளை எடுத்து அம்மா ஓட்டப் பழகினாள். உனக்கே தெரியாது, நீ பள்ளிக்கூடத்தில் இருந்தாய். நான் ஷிப்ட் முடிந்து சீக்கிரம் வந்துவிட்டேன். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு, காலை ஊன்றி ஊன்றி, கொஞ்சதூரம் தனியாகவே வந்துவிட்டாள். முகமெல்லாம் வெயிலும் சிரிப்பும். என்னைப் பார்த்ததும் பிரேக்கைப் பிடித்தாள். “இந்த வயசுல என்ன கூத்து இது, காலனியே பாக்குது” என்றேன். காலனியில் ஒருவரும் பார்க்கவில்லை, ஒரு மாடுதான் நின்றுகொண்டிருந்தது. அவள் இறங்கி, சைக்கிளைத் தள்ளிக்கொண்டு வந்து சுவரோரம் சாத்தினாள். அதற்குப் பிறகு கேட்கவே இல்லை. நானும் மறந்துவிட்டேன். அறுபத்தொரு வயதில் அவள் மிதிப்பதைப் பார்த்தபோதுதான் எனக்கு அந்த மைதானம் ஞாபகம் வந்தது. அப்போதாவது ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

உன்னுடைய வர்ச்சுவல் கியருக்கு நான் செய்த அநியாயம் என்ன என்றால், அதைக் கடைசிவரை பொம்மை என்றே நினைத்தேன். ஆனால் அது இருந்ததால்தான் அவளால் ஓட்ட முடிந்தது. நிஜ கியராக இருந்தால் எப்போது மாற்றுவது, மிதியைத் தளர்த்தி மாற்றுவதா, அழுத்தி மாற்றுவதா என்று பழகவே மாதக்கணக்காகும். செயின் ஒரு தடவை கழன்றிருந்தால் அவள் இறங்கிப் போயிருப்பாள். இதில் விழ இடமில்லை, கழல ஒன்றுமில்லை. டிவியில் மலைப்பாதை வரும். “இன்னைக்கு ஏத்தமா இருக்கே” என்று பட்டனை ஒரு தட்டுத் தட்டிக் கீழே இறக்குவாள். இறக்கம் வந்தால் மேலே ஏற்றுவாள். ஒரு வாரத்தில் பன்னிரண்டாவது கியர்தான் தனக்குச் சரி என்று கண்டுபிடித்துவிட்டாள். அவள் கால் பம்பரமாகச் சுற்றும். அன்றைக்குத்தான் நீ எழுதினாய்: “சூப்பர் அப்பா, இப்பத்தான் ஒழுங்கா ஓட்டறீங்க.” நான் படித்துக் காட்டினேன். “யாரு ஒழுங்கா ஓட்டுதான்னு பாத்தீங்களா?” என்று என்னைப் பார்த்துக் கேட்டுவிட்டு, வியர்வையைத் துடைத்துக்கொண்டு இட்லி ஊற்றப் போனாள். தினமும் உன் வரி வருவதற்காகவே காத்துக்கொண்டிருப்பாள்.

கீழ்வீட்டு வங்காளி அம்மா, நம் பௌதி, ஒருநாள் மாடிப்படியில் என்னை நிறுத்தி, “தாதா, பாடிதே ஆட்டாகொல் பொஷியேச்சேன் நாகி?” என்று கேட்டார்கள், வீட்டில் மாவு மில் வைத்திருக்கிறீர்களா என்று. அம்மா அவர்களைக் கையைப் பிடித்து மேலே கூட்டிவந்து ஓட்டியே காட்டினாள். துர்கா பூஜைக்கு நீ வரும்போது உன் முன்னால் ஏறி உட்கார்ந்து அந்த மலைப்பாதை முழுவதையும் ஓட்டிக் காட்டுவது என்று அவர்கள் இருவரும் சேர்ந்து திட்டம் போட்டார்கள். என்னையும் அதில் சேர்த்துக்கொண்டார்கள். அதுவரை உனக்குச் சொல்லக்கூடாது என்பதுதான் எனக்கிட்ட கட்டளை. அந்த மூன்று வாரம் போல இந்த வீடு சந்தோஷமாக இருந்ததில்லை முரளி. அதையும் நீ தெரிந்துகொள்ள வேண்டும்.

பிறகு மெல்ல மாறியது. மாறியது எனக்குத் தெரியவில்லை. நான் அதே நாற்காலியில் காப்பியோடு உட்கார்ந்திருந்தேன். செயின் அதே பல்சக்கரத்தில் ஓடியது. சத்தமும் அதே ரீங்காரம்தான். நிஜ கியராக இருந்திருந்தால் செயின் நாளுக்கு நாள் பெரிய பல்சக்கரத்துக்கு ஏறிக்கொண்டே போவதைப் பார்த்திருப்பேன், மாறும்போதெல்லாம் சத்தம் கேட்டிருக்கும். இதெல்லாம் எனக்கு நானே சொல்லிக்கொள்ளும் சமாதானம். ஏனென்றால் செயின் சொல்லாததை அவள் உடம்பு சொல்லிக்கொண்டுதான் இருந்தது. மெட்டி இறுகுது என்றாள். நான்தான் சோப்பு போட்டுக் கழற்றிக் கொடுத்தேன், மிதிப்பதால் கால் வீங்கியிருக்கும் என்றேன். ராத்திரியில் ஒரு தலையணை போதவில்லை என்று இரண்டாக வைத்துக்கொண்டாள். மூன்றாவது மாடி ஏறும்போது இரண்டாவது மாடியில் நின்று பையைக் கை மாற்றுவாள். பை கனம் என்று நினைத்தேன். ஓடுகிற வண்டியில் எந்தச் சக்கரம் சூடு என்று தூரத்திலிருந்தே சொல்கிறவன் நான்.

நீ ஒரு ஞாயிற்றுக்கிழமை போன் செய்தாய். உன் குரல் வேறு மாதிரி இருந்தது. “அப்பா, ரெண்டு வாரமா பாக்கறேன். பன்னெண்டுல ஓட்டிட்டு இருந்தீங்க. பத்து, எட்டு, இப்ப அஞ்சு. அஞ்சுலகூட பல்ஸ் எங்கயோ போகுது. நிறுத்தின பிறகும் இறங்க மாட்டேங்குது. எனக்கு பயமா இருக்கு. நாளைக்கே டாக்டர்கிட்ட போங்க. ப்ளீஸ்ப்பா.” நீ அழாக்குறையாகக் கேட்டாய். நான் போனேன். ஈ.சி.ஜி., எக்கோ எல்லாம் எடுத்தார்கள். என் நெஞ்சு நன்றாக இருந்தது. டாக்டர் முதுகில் தட்டிக்கொடுத்தார். லேக் மார்க்கெட்டில் இறங்கி, கறிவேப்பிலையும் கொத்தமல்லியும் வாங்கிக்கொண்டு, ஜெயித்தவனைப் போல வீட்டுக்கு வந்தேன். “எனக்கு ஒண்ணுமே இல்லையாம்” என்றேன்.

அம்மா கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். நிமிர்ந்து பார்த்தாள். “அப்போ அவன் பாத்தது?” என்று கேட்டாள்.

இந்த ஒரு கேள்வியை வைத்துக்கொண்டுதான் ஒரு வருஷமாக உட்கார்ந்திருக்கிறேன். அவள் கேட்டுவிட்டாள். அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. பட்டை யார் கையில் இருந்தது, பல்ஸ் யாருடையது என்று யோசிக்க ஒரு நொடி போதும். நான் என்ன சொன்னேன் தெரியுமா? “அது மெஷின் கோளாறு. செயினே நகராத கியருக்கு அஞ்சு என்ன, பன்னெண்டு என்ன? நிஜ கியரா இருந்தா இந்தப் பொய்யெல்லாம் சொல்லுமா?” என்றேன். அவள் “வயசாகுதுல்லா, அதான் முடியல போல” என்று கீரையைக் கழுவ எழுந்து போனாள். அன்று இரவே உனக்கும் போன் செய்து அதையே சொன்னேன். உன் மாய கியர் பொய் சொல்லுது என்று கேலி செய்தேன். ரிப்போர்ட்டைப் படம் எடுத்து அனுப்பினேன். நீ நிம்மதியாக மூச்சு விட்டது போனில் எனக்குக் கேட்டது.

அதற்குப் பிறகு பதினோரு காலை ஓட்டினாள். பன்னிரண்டாவது நாள் உடம்பு அசதியாக இருக்கிறது என்று ஏறவில்லை. மத்தியானம் சாப்பிட்டுவிட்டுக் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்தவள் எழுந்திருக்கவில்லை. ஆஸ்பத்திரியில் டாக்டர், இருதயம் கொஞ்ச நாளாகவே தளர்ந்து வந்திருக்கிறது என்றார். முன்பே காட்டியிருந்தால் மருந்திலேயே வெகுநாள் ஓட்டியிருக்கலாம் என்று அவர் வாயால் சொல்லவில்லை. நான் கேட்டேன், அவர் தலையைக் குனிந்துகொண்டார். “மூச்சு வாங்குச்சா, கால் வீங்குச்சா, எதாவது கவனிச்சீங்களா?” என்று கேட்டார். இல்லை என்றேன். மெட்டி என் சட்டைப்பையில் இருந்தது.

நீ மறுநாள் வந்து சேர்ந்தாய். காரியமெல்லாம் முடிந்தது. பௌதி துக்கம் கேட்க வந்தபோது அந்த சைக்கிளைப் பார்த்ததும் அழ ஆரம்பித்து, “ரோஜ் ஷொகாலே...” என்று தொடங்கினார்கள். தினமும் காலையில் என்று. அடுத்த வார்த்தை வந்திருந்தால் உனக்கு எல்லாம் தெரிந்திருக்கும். நான் குறுக்கே விழுந்து, “பௌதி, டீ குடிங்க” என்று டம்ளரை நீட்டினேன். அவர்கள் என்னைப் பார்த்த பார்வையை இன்றுவரை நேராக எதிர்கொள்ள முடியவில்லை, மாடிப்படியில் தலையைக் குனிந்துகொண்டு போகிறேன். நீ கிளம்புகிற அன்று, பெட்டியைப் பூட்டிவிட்டு அந்த ட்ரெயினர் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தாய். “எல்லாத்தையும் உங்களுக்குத்தான் வச்சேன்ப்பா. உங்க ஒருத்தர் பல்ஸையே பாத்துட்டு இருந்தேன். அம்மா எப்படி இருக்கான்னு ஒருநாள் பாக்கல” என்று அழுதாய். நான் உன் தலையைத் தடவினேன். பெற்ற மகன் செய்யாத குற்றத்துக்கு அழுகிறான், அப்பன் நான் பக்கத்தில் உட்கார்ந்து தடவிக்கொடுக்கிறேன். என் வாழ்க்கையில் இதைவிடக் கேவலமாக நான் நடந்துகொண்டதில்லை.

நீ பார்த்தாய் முரளி. அதைச் சொல்லத்தான் இத்தனை பக்கம். நீ அவளைத்தான் பார்த்தாய், தினமும், சாப்பாட்டுத் தட்டை வைத்துக்கொண்டு. அவள் பல்ஸைப் பார்த்தாய், அவள் பன்னிரண்டைப் பார்த்தாய், அவள் ஐந்தைப் பார்த்தாய். பக்கத்தில் உட்கார்ந்திருந்த எனக்குத் தெரியாதது, கடல் தாண்டி இருந்த உனக்குத் தெரிந்தது. நீ சரியாகப் பயந்தாய், சரியாகச் சொன்னாய். உன் கியரும் பொய் சொல்லவில்லை, உன் ஆப்பும் பொய் சொல்லவில்லை. மேலே இருந்த பெயர் ஒன்றுதான் பொய், அது என் பெயர். மண்டலுக்கு ஒரு கையெழுத்துப் போட மறுத்தவன், உன் அம்மாவின் நாற்பத்தாறு நாளுக்கு என் பெயரைப் போட விட்டேன்.

அவள் திவசம் கழிந்ததும் உனக்குக் கல்யாணம். புத்திமதி சொல்லும் யோக்கியதை எனக்கு இல்லை, இருந்தாலும் ஒன்று சொல்கிறேன். வீட்டில் யாருக்கு உடம்பு சரியில்லை என்று ஊரறிந்திருக்கிறதோ அவரையே எல்லோரும் பார்த்துக்கொண்டிருப்போம். பக்கத்தில் நின்று மாத்திரை எடுத்துக் கொடுக்கிறவரை யாரும் பார்க்க மாட்டோம். உனக்கு வரப்போகிறவள் “எனக்கு ஒண்ணுமில்ல” என்று சொன்னால் அதோடு விட்டுவிடாதே, இன்னொரு தடவை கேள். அவள் எதையாவது கற்றுக்கொள்ள ஆசைப்பட்டால் கூடவே ஓடிப் போய் சீட்டைப் பிடித்துக்கொள். நிஜம், மாதிரி என்று நான் வாதாடியது போல நீ யாரோடும் வாதாடிக்கொண்டிருக்காதே. அவள் கால்கள் மிதித்தது நிஜம். நான் அதை ஒப்புக்கொள்ள இவ்வளவு நாளாகிவிட்டது.

இதைப் படித்துவிட்டு உனக்குக் கோபம் வரும். வரட்டும். அடுத்த மாதம் திவசத்துக்கு வரும்போது என்னோடு பேசாவிட்டாலும் தாங்கிக்கொள்வேன். மண்டல் ஆறு மாதம் பேசவில்லை, நீ எத்தனை மாதம் வேண்டுமானாலும் எடுத்துக்கொள். ஆனால் அந்தக் கணக்கை மூடாதே. எப்படிச் செய்வது என்று எனக்குத் தெரியவில்லை, அந்த நாற்பத்தாறையும் என் பெயரிலிருந்து எடுத்து அவள் பெயரில் போட்டுக் கொடு. நாளைக் காலை ஆறு மணிக்கு நான் ஏறப்போகிறேன். பட்டையை என் கையில் கட்டிக்கொள்வேன். நீ இரவுச் சாப்பாட்டுக்கு உட்காரும்போது பதினெட்டாவது கியரில் ஒருவன் முக்கிக்கொண்டு மெதுவாக வருவான். அது நான். இனிமேல் என் பெயரில் வருவதெல்லாம் நான்தான்.

கடைசியாக ஒன்று. அவள் கடைசியாக ஓட்டிய காலையில் நீ எழுதினாய்: “மெதுவாவே ஓட்டுங்கப்பா. நாலாவது கியர்னாலும் பரவால்ல. நான் பாத்துட்டுதான் இருக்கேன்.” நான் படித்துக் காட்டினேன். அவள் ஹேண்டிலில் கையை ஊன்றிக்கொண்டு வெகுநேரம் மூச்சு வாங்கினாள். பிறகு, “போதும் வெளையாட்டு, பூஜை வரைக்கும் என்னத்துக்கு? பிள்ள பயப்படுதான். நாந்தான்னு எழுதிப் போடுங்க” என்றாள். திட்டமெல்லாம் வீணாகிவிடுமே என்று நினைத்தேன். டாக்டரிடம் போய் வந்த பிறகு உண்மையைச் சொல்ல வெட்கமாகவும் இருந்தது. அவளுக்குப் போனில் தமிழ் எழுத வராது, நான் எழுதுவதைத்தான் நம்பிக்கொண்டு நின்றாள். நான் “சரி” என்று மட்டும் அடித்து அனுப்பிவிட்டு, எழுதிவிட்டேன் என்றேன். நீ என்ன பதில் போடுகிறாய் என்று அன்று மாலைவரை கேட்டுக்கொண்டே இருந்தாள். நீ ஒரு கட்டைவிரல் படம் போட்டிருந்தாய். அதைக் காட்டினேன். சந்தோஷப்பட்டாள்.

அவள் எழுதச் சொன்னதை ஒரு வருஷம் தாமதமாக இப்போது எழுதுகிறேன். இதற்கு அன்றைக்குப் போடவேண்டிய பதிலை, நீ வந்து, அவள் படத்துக்கு முன்னால் உன் வாயால் சொல்லிவிடு.

“ஏலே முரளி, ஓட்டுனது நாந்தாம்லே. அம்மா.”